காலி நாற்காலிக்குச் சொன்னது

திருத்தணி
4 ஆகஸ்ட் 2024

டெபோராவுக்கு நைனா எழுதுவது. கர்த்தர் இங்கே என்னோடு இருக்கிறார், அங்கே உன்னோடும் இருப்பார் என்று நம்பி ஆரம்பிக்கிறேன்.

நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று தெரியும். பக்கத்து வீட்டுக் கல்பனாவின் போனுக்குக் கூப்பிட்டாயாம். அவள் ஓடிவந்து போனை என் காதில் வைத்தாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்' என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ அந்தப் பக்கம் அழுதாயோ, திட்டினாயோ, தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம். இனி எழுத்தில்தான் நம் சண்டை.

உன் அம்மா போன பிறகு வந்த காய்ச்சல் என் காதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. நரம்பு செத்துவிட்டது என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். நீ அனுப்பிய மிஷினை மாட்டிப் பார்த்தேன். தகரம் வெட்டுகிற சத்தம்தான் வருகிறது. கழற்றி டிராயரில் வைத்துவிட்டேன். அதற்காக என்னை வேலூர் முதியோர் இல்லத்தில் சேர்க்கப் பார்க்கிறாயே, அது எந்த ஊர் நியாயம்? நீ அந்நிய ஊரில் யார் யாருடைய அப்பாவையோ குளிப்பாட்டிச் சோறு ஊட்டுகிறாய். உன் அப்பனை மட்டும் வேறு யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதியதை இனி அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஆடிக்கிருத்திகை போன வாரம் முடிந்தது. காவடிக் கூட்டம் நம் தெரு வழியாகத்தான் போயிற்று. பம்பைச் சத்தத்தில் ஜெபம் பண்ண முடியவில்லை என்று உன் அம்மா ஜன்னலைச் சாத்துவாளே, இந்த வருஷம் நான் எல்லா ஜன்னலையும் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தேன். வாய்கள் திறந்து மூடுகின்றன, கால்கள் ஆடுகின்றன, ஒரு சத்தமும் இல்லை. மலைக்கோயில் மைக்கைப் பற்றி எவ்வளவு முனகியிருப்பேன். இப்போது அது ஒருதரம் கேட்டால் போதும் என்று இருக்கிறது. ஆலயத்திலும் இதே கதைதான். எல்லாரும் எழுந்த பிறகு எழுகிறேன், உட்கார்ந்த பிறகும் நிற்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஊருக்கே டிரில் சொல்லிக்கொடுத்த பி.டி. வாத்தியார் இப்போது வரிசையில் தப்பு செய்கிறான்.

ஆனால் நான் தனியாக இல்லை. உன் அம்மாவின் நாற்காலி நினைவிருக்கிறதா? அவள் உட்கார்ந்த நாற்காலியைச் சொல்லவில்லை. அவள் யாரையும் உட்காரவிடாத அந்த ஒயர் நாற்காலி. இந்த வீட்டுக்குக் கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி ஒருவர் உண்டு, அவர் இடம் அது என்று சொல்லி, துவைத்த துணியைக்கூட அதன்மேல் போட விடமாட்டாள். நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அதில் ஏறி உட்கார்ந்து முதுகில் அடி வாங்கினாய். இப்போது தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் அதற்கு எதிரே உட்கார்ந்து அவரிடம் பேசுகிறேன். முன்னெல்லாம் ஜெபம் என்றால் மனப்பாடமாக ஓடும். இப்போது ஒரு மனிதரிடம் பேசுகிற மாதிரி எல்லாவற்றையும் சொல்கிறேன், ரகசியமாக, எனக்கும் அவருக்கும் மட்டும். யார் குரலும் கேட்காத வீட்டில் என் குரலைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் எனக்குச் சோறு தண்ணீர். அதையும் விட்டுவிட்டு வேலூருக்கு வரச் சொல்லாதே.

உன் நைனா,
யோபு

*

வடக்கு ஸ்காட்லாந்து
25 ஆகஸ்ட் 2024

நைனாவுக்கு,

கடிதம் வந்தது. திட்டியிருந்தாலும் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததில் சந்தோஷம்தான்.

முதியோர் இல்லத்தைப் பற்றி இனி பேச மாட்டேன். நான் அப்படிக் கேட்டது உங்களைத் தள்ளிவிட அல்ல. நீங்கள் வழுக்கி விழுந்தால் யார் வருவார்கள் என்ற பயம்தான். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் வந்து சேர்ந்தவள் நான். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வந்த ஒரு வாரமும் சோறு போடச் சொன்னீர்கள், கதவைச் சாத்தச் சொன்னீர்கள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு முறை அப்படித் தாமதமாக வந்து நிற்க என்னால் முடியாது.

இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். காலையில் அவருக்குக் காது மிஷின் மாட்டுவது என் வேலை. மாட்டியதும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் திரும்பிக்கொள்வேன்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பிரேம்குமார் வீட்டை விட்டுப் போய்விட்டார். வசந்த காலத்திலேயே போய்விட்டார். வேறு ஊரில், வேறு ஒருத்தியோடு இருக்கிறார். விவாகரத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கு எழுதக்கூடாது என்று இத்தனை மாதம் இருந்தேன். நைனா, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் சொல்லாதீர்கள். சபையில் யாருக்கும் தெரியக்கூடாது. பாவப்பட்ட பெண் என்று என்னைப் பார்க்கிற கண்களை நினைத்தாலே ஊருக்கு வரத் தோன்றவில்லை.

கர்த்தர் அங்கே இருக்கிறார், இங்கேயும் இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே நாற்காலியில் இருக்கலாம். இங்கே இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இங்கே காற்று இருக்கிறது, கடல் இருக்கிறது, மதியம் வேலை நடுவில் நான் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு சின்ன அறை இருக்கிறது. சாதம் குழம்பு வாசனை மற்றவர்களுக்குப் பிடிக்காது என்று எல்லாரும் போன பிறகு டப்பாவைத் திறக்கிறேன். எதிரே ஒரு காலி நாற்காலி அங்கேயும் உண்டு. அதில் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. ஜெபம் பண்ணுவதை விட்டுவிட்டேன். உங்களிடம் பொய் சொல்ல முடியாது.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள்ளுங்கள்.

டெபோரா

*

திருத்தணி
15 செப்டம்பர் 2024

என் மகளுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அந்தப் பையனுக்கு என் கையால் மோதிரம் எடுத்துக் கொடுத்தேன். அதற்குமேல் அவனைப் பற்றி எழுதினால் பேனா கெட்ட வார்த்தை பேசும்.

நீ பயப்படாதே. ஒரு குருவிக்கும் சொல்லவில்லை. போதகருக்குச் சொல்லவில்லை, உன் அத்தைக்குச் சொல்லவில்லை. அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். தினமும் சாயங்காலம் சொல்கிறேன். அவரிடம் சொன்னது வெளியே போகாது.

ஜெபத்தை விட்டுவிட்டேன் என்றாயே, அதுதான் என்னைக் குத்துகிறது. நீ எத்தனை கடல் தாண்டிப் போனாலும் உனக்கு முன்னாலேயே அங்கே போய் நிற்கிறவர் அவர். நம்பமாட்டாய். நம்ப வைக்கிற மாதிரி நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

உன் அம்மா போன பிறகு நல்ல கருவாட்டுக் குழம்பு என் நாக்கில் படவில்லை. இதையெல்லாம் போய்க் கடவுளிடம் சொல்வதா என்று வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஒருநாள் சொல்லிவிட்டேன், கத்திரிக்காய் போட்டு, கொஞ்சம் மாங்காய் போட்டு அவள் வைப்பாளே ஆண்டவரே என்று. ஆடி முடிந்த மறுநாள் கௌரியம்மாள் தூக்குவாளியோடு வந்து நிற்கிறாள். கல்பனாவின் மாமியார், மலையடிவாரத்தில் பூ விற்கிறவள். திறந்தால் கருவாட்டுக் குழம்பு. மாங்காய் உட்பட.

அது தற்செயல் என்பாய். சரி. பின்கட்டு விளக்கு போய்விட்டது, எனக்கு எட்டவில்லை, இருட்டில் விழுந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்று சொன்னேன். மறுநாள் காலை கௌரியம்மாளின் மகன் கங்காதரன் ஏணியோடு வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு என் வீட்டுப் பின்கட்டில் என்ன வேலை? ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. பல்பை மாட்டிவிட்டுக் கட்டை விரலைக் காட்டிவிட்டுப் போனான். பிறகு, முட்டி வலியில் ஆலயத்துக்கு நடக்க முடியவில்லையே என்று அழுதேன். ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவன் ஆட்டோ நிற்கிறது. இப்போது வாராவாரம் நிற்கிறது.

இத்தனை வயதுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு விசுவாசம் வரும் என்று நான் நினைக்கவில்லை டெபோரா. காது கேட்ட காலத்தில் நான் கடவுளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போதுதான் அவர் என்னைக் கேட்கிறார். படுக்கப் போகும்போது வீடு வெறுமையாக இல்லை. ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது.

உனக்காகவும் கேட்டிருக்கிறேன். என்ன கேட்டேன் என்று சொல்லமாட்டேன். அது நடக்கும்போது உனக்கே தெரியும்.

நைனா

*

வடக்கு ஸ்காட்லாந்து
6 அக்டோபர் 2024

நைனாவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிழித்துக் கிழித்து எழுதுகிறேன்.

நேற்று கல்பனா போன் செய்தாள். நலம் விசாரித்துவிட்டு, "அக்கா, வீட்டுக்காரரு வுட்டுட்டுப் போயிட்டாரேன்னு மனச தளர வுடாதீங்க. நாங்கல்லாம் கீறோம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். அவள் சங்கடப்பட்டு, "சார்தான் டெய்லியும் சாமிகிட்ட சொல்லிகினு கீறாரே" என்றாள். நான் நம்பவில்லை. அப்போது உங்கள் ஜெப நேரம். போனை உங்கள் ஜன்னல் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

நைனா, நீங்கள் ரகசியமாகப் பேசவில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற பையனை விசில் இல்லாமல் திருப்புவீர்களே, அந்தக் குரலில் பேசுகிறீர்கள். உங்களுக்குக் காது கேட்காததால் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியவில்லை. ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறீர்கள். தெரு முழுக்கக் கேட்கிறது. என் புருஷன் என்னை விட்டுப் போனது, அவன் பெயர், அவன் வேறு ஒருத்தியோடு இருப்பது, எல்லாம் தெருமுனை டீக்கடை வரைக்கும் தெரியும்.

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டேன். நீங்கள் ஊரையே கூட்டிச் சொல்லியிருக்கிறீர்கள்.

குழம்பு கடவுள் அனுப்பியதில்லை. நீங்கள் கத்தியதைக் கேட்டுக் கௌரியம்மா வைத்துக்கொடுத்தது. கங்காதரன் அண்ணன் விளக்குப் போட்டதும் ஆட்டோ கொண்டுவந்து நிறுத்தியதும் அப்படித்தான். சொன்னால் உங்கள் மனம் நோகும் என்று அவர்கள் யாரும் உங்களிடம் சொல்லவில்லையாம். நான் சொல்லியிருக்கிறேன். சொல்லாமல் இருந்தால் நாளைக்கு இன்னும் என்னென்ன வெளியே வருமோ.

தயவுசெய்து இனிமேல் மனதுக்குள் ஜெபம் பண்ணுங்கள். இல்லாவிட்டால் ஜன்னலையாவது சாத்துங்கள்.

டெபோரா

*

திருத்தணி
30 அக்டோபர் 2024

டெபோராவுக்கு,

கடிதம் கிடைத்தது. உனக்கு அவமானம் தேடித்தந்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

ஜன்னலைச் சாத்திவிட்டேன். ஜெபத்தையும் நிறுத்திவிட்டேன். மனதுக்குள் பண்ணச் சொன்னாய், பண்ணிப் பார்த்தேன். நாற்காலியைப் பார்த்தால் நாற்காலிதான் தெரிகிறது. குழம்பு வைத்தது யார், விளக்குப் போட்டது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அப்படியானால் இத்தனை நாளும் அதில் யாரும் இல்லை. ஒரு கிழவன் ஜடப்பொருளைப் பார்த்துக் கத்தியிருக்கிறான், தெரு வேடிக்கை பார்த்திருக்கிறது. நான் அழுததையும் கேட்டிருப்பார்கள்.

பால் வாங்கப் பொழுது விடியுமுன் போய் வருகிறேன். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம் அல்லவா.

நீ நன்றாக இரு.

யோபு

*

வடக்கு ஸ்காட்லாந்து
17 நவம்பர் 2024

நைனா,

கடைசியில் 'உன் நைனா' என்றுகூடப் போடாமல் யோபு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கல்பனாவைக் கூப்பிட்டேன். அவள் அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வந்து நின்றால் நீங்கள் கதவைத் திறப்பதில்லையாம். குழம்பை வாசலில் வைத்தால் அப்படியே திரும்பி வருகிறதாம். "சாயங்காலம் ஆனா தெருவே செத்த மாரி கீது அக்கா" என்கிறாள். நான்தான் உங்களிடம் சொல்லிவிட்டேன் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கௌரியம்மா என்னிடம் போனில் பேசமாட்டேன் என்கிறார்களாம்.

அன்றைக்குப் போனில் நான் கேட்டதில் பாதியைத்தான் உங்களுக்கு எழுதினேன். கோபத்தில் மீதியை விட்டுவிட்டேன். பிரேம்குமாரைப் பற்றிச் சொல்லி முடித்தீர்கள். பிறகு, "ஆண்டவரே, அவ புருஷன் வரணும்னு நான் கேக்கல. அந்தப் பொண்ணு தனியா உக்காந்து சாப்புடுது. யாராச்சும் கூட உக்காரணும். அது போதும் எனக்கு" என்றீர்கள். எனக்காகக் கேட்டது என்ன என்று சொல்லமாட்டேன் என்றீர்களே, அதை நான் கேட்டுவிட்டேன் நைனா. அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை அன்பாகப் பேசாத மனிதரின் குரல் அது. அதைக் கேட்டுவிட்டும் அப்படி ஒரு கடிதம் எழுதினேன்.

கடவுளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நாற்காலியில் யாராவது இருக்கிறாரா, இல்லையா என்று சொல்ல எனக்கு அருகதை இல்லை. நான் கோபத்தில் எழுதிய ஒரு தாளை வைத்து நீங்கள் இதை முடிவு பண்ணக்கூடாது. அம்மா இருந்தால் நம் இருவரையும் கன்னத்தில் போடுவாள்.

ஜன்னலைத் திறந்துவிடுங்கள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். ஊர் கேட்டால் கேட்கட்டும்.

டெபோரா

*

திருத்தணி
2 ஜனவரி 2025

என் அன்பான டெபோராவுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆயிற்று. இப்போதுதான் பதில் எழுதுகிறேன்.

கிறிஸ்துமசுக்கு நான் நட்சத்திரம் கட்டவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும் கொடுக்கவில்லை. ஆலயத்துக்கும் போகவில்லை. போதகர் வந்து கதவைத் தட்டியிருப்பார் போல. எனக்கு எப்படித் தெரியும்? உள்ளே பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன் அம்மாவின் நாற்காலியில் துவைத்த துணியைப் போட ஆரம்பித்திருந்தேன். முதல் தடவை போட்டபோது கை கூசியது. அப்புறம் பழகிவிட்டது.

டிசம்பர் முப்பத்தொன்று இந்த ஊரில் என்ன நாள் என்று உனக்குத் தெரியும். மலையில் படித் திருவிழா. படிக்குப் படி சூடம் ஏற்றிப் பாடிக்கொண்டு போகிற கூட்டம். கௌரியம்மாளுக்கு ஆடிக்கிருத்திகையை விட்டால் இந்த ஒரு நாள்தான் பூக்கூடைக்கு முன்னால் நிமிரக்கூட நேரம் இல்லாத நாள். அன்றைக்கு மத்தியானம், கூடையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பின்கட்டு வழியாக வந்தாள், கங்காதரன் விளக்கு மாட்டினானே அந்த வழியாக. கூடவே கல்பனா, கையில் பேனாவோடு.

நான் எழுந்து நிற்பதற்குள் கௌரியம்மாள் நேரே அந்த நாற்காலிக்குப் போனாள். அதன்மேல் கிடந்த வேட்டியையும் பனியனையும் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டாள். உன் அம்மா உயிரோடு இருந்தவரை யாரையும் உட்காரவிடாத நாற்காலி. எழுந்திரு என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. அதற்குள் அவள் என் வேட்டியை மடித்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள். விரலெல்லாம் பூக்காம்புக் கறை. அவள் பேசப் பேசக் கல்பனா காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதி என்னிடம் நீட்டினாள். அந்தத் தாள்களை வைத்திருக்கிறேன். அப்படியே எழுதுகிறேன்.

"என்னா வாத்தியாரே, எங்க மேல கோவமா? சத்தத்தையே காணோம்."

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்று சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ, கல்பனா காதைப் பொத்தினாள். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு என் வாய் சிரித்தது.

அப்புறம் கௌரியம்மாள் சொன்னாள், அவள் வீட்டுக்காரர் போன பிறகு சாயங்காலம் பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு வீட்டில் உட்கார அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காதாம். என் குரல் கேட்க ஆரம்பித்த பிறகு, அவள் வீட்டுப் பக்கமிருந்து நம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மறுநாளைக்கான பூவைத் தொடுப்பாளாம். என் கஷ்டத்தை நான் சொல்லச் சொல்ல அவள் கஷ்டத்தையும் யாரோ எடுத்துச் சொல்கிற மாதிரி இருக்குமாம். "நா யார்கிட்ட போயி பேசறது? நீங்க பேசிகினு இருந்தா என்னுதையும் பேசன மாரி இருக்கும்." என்னை வேடிக்கை பார்த்தார்கள் என்று உனக்கு எழுதினேனே, அது பாவம்.

நான் விடவில்லை. உன் கடிதத்தில் எழுதியிருந்ததைச் சொன்னேன். கடவுள் கேட்கிறார் என்று நினைத்துத்தான் பேசினேன், கேட்டது நீங்கள்தான் என்றேன். கௌரியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இவ்வளவு படித்தவனுக்கு இது தெரியவில்லையா என்ற பார்வை அல்ல அது. நான் ஏதோ புரியாத பாஷையில் பேசிவிட்ட மாதிரிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். கல்பனா அதைப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

"எங்களுக்கே கேக்குது. உங்க சாமிக்குக் கேக்காமலா பூடும்?"

மடித்த துணியை என் மடியில் வைத்துவிட்டு, வியாபாரம் கெடுகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

நான் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன் டெபோரா. ஒயரில் அவள் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. நாற்காலியில்தான் அவர் இருக்கிறார் என்று நினைத்து அதையே பார்த்துப் பேசினேன். சுவருக்கு அந்தப் பக்கமும் இருந்திருக்கிறார். குழம்பு வைத்தது கௌரியம்மாள்தான், அதில் சந்தேகம் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி அழுத எனக்கு இப்போது அதைச் சொன்னால் சந்தோஷமாக இருக்கிறது. உன்னை நம்பவைக்க வாதம் பண்ணமாட்டேன். எனக்கு ஆறுதல் திரும்பி வந்துவிட்டது, அவ்வளவுதான் சொல்வேன்.

அன்று ராத்திரி புது வருஷ ஆராதனைக்குக் கங்காதரன்தான் கொண்டுபோய் விட்டான். மலைப்படி முழுக்கச் சூடம் எரிந்துகொண்டிருந்தது. நான் எல்லாரையும்விடத் தாமதமாகத்தான் எழுந்து நின்றேன். பரவாயில்லை.

நேற்று சாயங்காலம் ஜன்னலைத் திறந்தேன். நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தேன். என்னைப் போலவே கௌரியம்மாளுக்கும் முட்டி வலி, முதலில் அதற்காகக் கேட்டேன், அவளுக்குக் கேட்கட்டும் என்றேதான் கேட்டேன். பிறகு உன் பெயரைச் சொன்னேன். நீ தனியாகச் சாப்பிடுவதைப் பற்றி மறுபடி சொன்னேன். அது ஒன்றுக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை. இந்தத் தெருவில் யாராலும் அதைச் செய்ய முடியாது. ஆகவே அதை அவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உன் நைனா

*

வடக்கு ஸ்காட்லாந்து
19 ஜனவரி 2025

என் நைனாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கௌரியம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லிக் கல்பனாவுக்குப் படம் பிடித்து அனுப்பினேன். தன் முட்டியைப் பற்றி ஊருக்கே சொல்லிவிட்டீர்கள் என்று உங்கள்மேல் கோபமாம். ஆனால் என்னோடு பேசினார்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் ஜன்னலைத் திறந்த அன்று சாயங்காலம் கல்பனா என்னைக் கூப்பிட்டாள். போனை ஜன்னல் கம்பிமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். உங்களுக்கு அங்கே விளக்கு வைக்கிற நேரம் எனக்கு இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் போன பிறகு நான் டப்பாவைத் திறந்திருந்தேன். போனை மேஜையில், அந்தக் காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தேன். உங்கள் குரல் அறை முழுக்க வந்தது. கௌரியம்மாவின் முட்டி, கங்காதரன் அண்ணனின் ஆட்டோ டயர், அம்மாவின் பெயர், கடைசியில் என் பெயர். எட்டிப் பார்த்த ஒரு பெண் யார் அது என்று கேட்டாள். என் அப்பா, சாப்பாட்டுக்கு முன் ஜெபம் பண்ணுகிறார் என்று சொன்னேன். அவள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து தினமும் போன் வருகிறது. இப்போது நான் டப்பாவை ஒளித்துத் திறப்பதில்லை.

அவர் இங்கே இல்லை என்று எழுதியிருந்தேன். இருக்கிறார் என்று எழுத எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை. ஆனால் ஜெபம் பண்ணுவதை விட்டுவிட்டேன் என்று முன்பு சொன்னது இனி உண்மையில்லை. ஏப்ரலில் லீவு கேட்டிருக்கிறேன். வந்தால் எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அதுவரை ஒன்றுதான் கேட்கிறேன். இப்போது நான் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்துவிட்டதே என்று மெதுவாகப் பேச முயற்சி செய்யாதீர்கள். ஜன்னலைச் சாத்தாதீர்கள்.

நீங்கள் ஆமென் சொல்லும்போது நானும் இங்கே சொல்கிறேன். உங்களுக்கு அது கேட்காது நைனா. சொல்லிவிட்டுத்தான் சாதத்தில் கை வைக்கிறேன்.

உங்கள் மகள்,
டெபோரா